லேஸ் போலீஸ்

ஷம்ஸியாவுக்கு நைலான் லேஸைப் பார்த்தால் குமட்டும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மேலப்பாளையத்தில் அவள் வீட்டுக்குத் தைக்க வருகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிள்ளைக்குப் போட வேண்டும் என்று பளபளவென்று ஒரு சுருள் லேஸை எடுத்து நீட்டினால், அடிவயிற்றிலிருந்து ஒரு புளிப்பு ஏறி வந்து தொண்டையில் நிற்கும். சிலருக்கு மீன் கவிச்சி ஆகாது, சிலருக்குப் பல்லி ஆகாது. இவளுக்கு இது. "பருத்தி லேஸ் வாங்கிட்டு வாங்க, தச்சித் தாரேன். இத வச்சித்தான் தைக்கணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வேறு ஆளைப் பார்க்க யாரும் போவதில்லை. அவள் தைத்த சட்டையை அக்கா போட்டு, தங்கச்சி போட்டு, மூன்றாவது பிள்ளை போட்டாலும் தையல் விடாது.

இந்த நோய் பிறவியிலேயே வந்ததல்ல. ஆறு வருடத்துக்கு முன் ஜப்பானிலிருந்து வந்தது. கணவன் மீரா முகைதீன் சார்ஜாவில் இருக்கிறான்; பிள்ளை இல்லை; தையல் மிஷின் ஓய்ந்த நேரத்துக்குத் துணை போன்தான். அதில் ஒருநாள் டோக்கியோவில் ஹராஜுகு என்கிற தெருவைப் பார்த்தாள். மணியைத் தொங்கவிட்டாற்போல விரிந்த பாவாடை, கழுத்துவரை மூடின சட்டை, முழங்கால்வரை காலுறை, தலையில் லேஸ் வைத்த தொப்பி, இப்படிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போனார்கள். இந்த உடுப்புக்கு லொலிட்டா என்று பெயராம். முகமும் கையும் தவிர உடம்பில் ஒன்றும் வெளியே தெரியவில்லை. 'இதென்ன, எங்க உம்மா சொல்லுத மாதிரி மூடித்தான இருக்கு' என்று அவளுக்குத் தோன்றியது. தொப்பிக்குக் கீழே முக்காட்டைக் கட்டினால் தீர்ந்தது கதை.

அசல் ஜப்பான் உடுப்பு ஒன்றை, சார்ஜாவில் யாரோ பிலிப்பைன்ஸ்காரப் பெண் உடுத்திக் கழித்ததை, மீரா முகைதீன் வாங்கி அனுப்பினான். பெண்டாட்டி உடுத்திப் படம் அனுப்புவாள் என்று அவன் காத்திருக்க, வந்த அன்றைக்கே இவள் பிளேடை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்துவிட்டாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அவன் போனில் கத்தினான். பதினொரு நாளில் திரும்பவும் மூட்டிவிட்டாள். அந்தப் பதினொரு நாளில்தான் அவளுக்கு மயக்கம் பிடித்தது. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாத சுத்தம். ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்கிற இடத்தில்தான் அந்த ஊர்க்காரன் அதிகம் மெனக்கெட்டிருந்தான். அதன் பிறகு, அரைகுறை வேலை எதைப் பார்த்தாலும் அவளுக்குப் புளிப்பு ஏறத் தொடங்கியது.

ஊரில் தன் ஒருத்திக்குத்தான் இந்தக் கிறுக்கு என்று நினைத்திருந்தாள். அது தப்பு. பாளையங்கோட்டையில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் வேலை பார்க்கும் கிங்ஸ்லி, ஜப்பான் பாட்டுக் கோஷ்டிக்காரர்களைப் போல கறுப்புச் சட்டையும் கண்ணைச் சுற்றி மையுமாகத் திரிகிறவன். மருந்துக் கடை மகேஷ், டெக்கோரா என்று ஒரு வகை; திருச்செந்தூர்க் கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு விற்கிற கலர் கிளிப்பையெல்லாம் வாங்கி, ஒரே தலையில் நாற்பது குத்திக்கொள்வான். டவுனில் டியூஷன் எடுக்கிற வேணியும் அதே கட்சி. பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போகிற ஃபஹ்மிதா, ஷம்ஸியாவைப் போலவே லேஸும் முக்காடும். இப்படி ஒவ்வொருவராய்ச் சேர்ந்து பதினோரு பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது கூடுவார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் 'என்ன மாறுவேடப் போட்டியா?' என்று கேட்டுவிட்டுப் போவான். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பதினோரு பேர் சேர்ந்து நின்றால் கேலிக்குக் கொஞ்சம் பல் மழுங்கிவிடும்.

ஷம்ஸியாதான் தலைவி. கூட்டத்துக்கு ஒரு சட்டம் எழுதினவளும் அவள்தான்: புதிதாக வருகிறவர்களின் உடுப்பில் முதல் மூன்று சந்திப்புக்கு யாரும் குற்றம் சொல்லக்கூடாது, நல்லதாக ஒன்றாவது கண்டுபிடித்துச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல சட்டம். புதிதாக வந்தவர்களெல்லாம் அதைக் கேட்டு உருகிப்போனார்கள்.

வாயை மூடிவிட்டால் வயிறு சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க நைலானையும் ஜிகினாவையும் பார்த்து, 'பொத்தான் அழகா இருக்குட்டி', 'கலர் உனக்கு எடுப்பா இருக்கு' என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள், இன்ஸ்டாவில் பெயரில்லாமல் ஒரு பக்கம் திறந்தாள். லேஸ் போலீஸ் என்று அதற்குப் பெயர் வைத்தாள். இணையத்தில் கிடக்கிற படத்தை எடுத்து, ஓட்டைக்கு ஓட்டை சிவப்பு வட்டம் போட்டு, கீழே நாலு வரி. சென்னையில் ஒருத்தி ஜன்னல் துணியில் கவுன் தைத்திருந்தாள். கோவையில் ஒருத்தி தலையில் வைத்திருந்தது டாய்லெட் மூடியின் உறை. ஷம்ஸியாவின் நாக்குக்குத் தையல் ஊசியைவிடக் கூர்மை. ஒன்றரை வருடத்தில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் யார் என்று கேட்டால், வேறு யார்? லேஸ் கட்டுகிற அதே கூட்டம்தான். இந்த உடுப்பைப் பிடித்த ஆட்கள் தமிழ்நாட்டில் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போனார்கள். பெருகப் பெருக, ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்கிறதும் பெருகியது. 'படம் அனுப்புங்கள், அனுப்பியவர் பெயர் வெளியே வராது' என்று அவள் ஒரு வரி போட்டுவைத்ததுதான் தாமதம், தினமும் பத்துப் பதினைந்து படம் வந்து விழுந்தது. உயிர்த்தோழி படத்தை உயிர்த்தோழி அனுப்பினாள். ஒருநாள் மகேஷ், வேணியின் படத்தை அனுப்பியிருந்தான். அடுத்த வாரமே வேணி, மகேஷின் படத்தை அனுப்பினாள். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறவர்கள். ஷம்ஸியா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், சோற்றில் முடி கிடந்தாற்போல அருவருத்தது. என்ன மனுஷங்க இவங்க என்று காறித் துப்பிவிட்டு, இரண்டு படத்தையும் போட்டாள். சாக்கடையில் கல்லெறிந்தால் யார்மேல் தெறிக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

நெல்லைக் கூட்டத்தில் ஒரு படமும் அனுப்பாதவன் கிங்ஸ்லி ஒருத்தன்தான். அவன் எழுதி அனுப்பினது வேறு. 'இந்தப் பொண்ணு மொத தடவ தச்சிருக்கு. தையல் தெரிஞ்ச ஆளா இருக்கீங்க. சொல்லிக் குடுங்க, இல்லன்னா சும்மா இருங்க.' இதே தோரணையில் இரண்டு தடவை. பெரிய மனுஷன் வந்துட்டாரு என்று அதை அவள் ஒதுக்கித் தள்ளினாள்.

அப்போதுதான் கோமு வந்தாள்.

ஏரலில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிற பெண். இருபது வயது. ஸ்ரீவைகுண்டம் வந்து, அங்கே பஸ் மாறி, ஒரு கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு குறுக்குத்துறைக்கு வந்து சேர்ந்தாள். அந்த மாதம் ஆற்றங்கரையில் சந்திப்பு. கவுனைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா? சுடிதாரில் வந்து, கல்மண்டபத்து மூலையில் மாற்றிக்கொண்டாள். ஃபஹ்மிதா தன் அகலத் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்து மறைப்பாகப் பிடித்தாள். "நான் ஆத்தப் பாத்துதான் நிக்கேன், நீ மாத்துட்டி" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே நின்று முதுகுக் கயிற்றை இழுத்துக் கட்டினது ஷம்ஸியா.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கவுன் அது. வீட்டுத் திரைக்கு வாங்கின ரோஸ் நிற சாட்டின். கழுத்தைச் சுற்றி, சாமி படத்துக்கு ஓரம் ஒட்டுகிற ஜிகினா லேஸ். பாவாடை விரிவதற்காக உள்ளே வைக்கிற கேன்கேன் வலையோ, கொசுவலையைவிட முரடு. பக்கத்து வீட்டு மிஷினில், ஞாயிறு ஞாயிறாக இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்ததாக அவளே பெருமையாகச் சொன்னாள். ஷம்ஸியாவுக்குப் புளிப்பு ஏறிவிட்டது. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள்.

"பொத்தான் வரிசை நேரா இருக்குட்டி" என்றாள்.

கோமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெசமாவாக்கா? அத மட்டும் மூணு தடவ பிரிச்சித் தச்சேன்."

அன்றைக்குப் பகல் முழுக்க அந்தப் பெண் படிக்கட்டில் ஏறுகிறதும் இறங்குகிறதும் சுற்றுகிறதுமாக இருந்தாள். துணி துவைக்க வந்த பெண்கள் வாயில் கை வைத்துப் பார்த்தார்கள். கிங்ஸ்லி மட்டும் சட்டத்தை மீறி, "தங்கச்சி, லேஸ் கண்ணக் கூசுது. ஆனா தொப்பி பிரமாதம்" என்று சொல்லிவைத்தான். அவள் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவ மாத்திருதேம்ணே" என்றாள்.

சாயங்காலம் கழற்றுகிறபோது மறுபடியும் துப்பட்டா, மறுபடியும் ஷம்ஸியா. கயிற்றை அவிழ்த்துக் கவுனைத் தூக்கினாள். உள்பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஒரு ஓரத்துக்குக்கூட ஓவர்லாக் அடிக்கவில்லை. வெட்டின துணி வெட்டினபடி, பிசிறு பிசிறாக நூல் தொங்கியது. கேன்கேன் வலையின் விளிம்பு மடிக்காமல், அப்படியே இடுப்பில் வைத்து மூட்டியிருந்தது. கோமுவின் இடுப்பைச் சுற்றி வரிவரியாகச் சிவந்து தடித்துப்போயிருந்தது. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"வலிக்கலையாட்டி?" என்றாள் ஷம்ஸியா.

"வலிச்சிச்சி. கழத்தத்தான் மனசு வரலக்கா."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். இவளுக்கு அருவருப்புத்தான் மிஞ்சியது. இப்படி ஒரு குப்பையை உடம்பில் சுற்றிக்கொண்டு, அதற்கு ஒரு ஆசை வேறு.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் லேஸ் போலீஸுக்குக் கோமுவின் படம் வந்து காத்திருந்தது. ஆற்றுப் படிக்கட்டில் கையை விரித்துச் சிரிக்கிற படம். அனுப்பியது ஃபஹ்மிதா. சொந்தப் பெயரிலேயே அனுப்பியிருந்தாள். 'ஜன்னல் துணி நடந்து வருது பாருங்க. சிரிச்சிச் சிரிச்சி வயிறு வலிக்கு.' காலையில் மறைப்புப் பிடித்த அதே கை.

புதன்கிழமை மத்தியானம் ஷம்ஸியா அதைப் போட்டாள். கொட்டித் தீர்த்தாள் என்று சொல்ல வேண்டும். 'கொசுவலைக்குள் மாட்டின பஞ்சுமிட்டாய். சாமி படத்திலிருந்து லேஸைப் பிய்த்த பாவம் சும்மா விடுமா? உள்ளே ஓவர்லாக் இல்லை, மடிப்பு இல்லை, பிசிறு தொங்குகிறது. இடுப்பைச் சுற்றிச் சிரங்கு பிடித்த மாதிரிச் சிவந்து கிடக்கிறது. தையல் தெரியாவிட்டால் கோணிச்சாக்கைக் கட்டிக்கொள், அதுவாவது சொறியாது.' இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் பேர் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறாரச் சோறு இறங்கியது.

வியாழக்கிழமை, நெல்லைக் கூட்டத்தின் வாட்ஸப்பில் கோமு ஒரு குரல் செய்தி போட்டாள். அழவில்லை. பைய, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினாள். "என் இடுப்பப் பத்தி எழுதியிருக்காக. கவுனப் பத்தி எழுதுனா பரவால்ல. இடுப்ப எதுக்கு எழுதணும்? நான் இனிமே வரல."

அவ்வளவுதான், குழு கொதித்துவிட்டது. யாரது, எவன், எவள், கண்டுபிடித்து வெளியே தள்ள வேண்டும். மகேஷ் பக்கம் பக்கமாக எழுதினான். வேணி அதற்குக் கீழே நெருப்புப் பொம்மைகளாகப் போட்டாள். ஃபஹ்மிதா தனியாகப் போன் போட்டு ஷம்ஸியாவிடம் விக்கி விக்கி அழுதாள். "பாவம் லாத்தா அந்தப் பிள்ள! இப்பிடிச் செஞ்சவ விளங்குவாளா? அல்லா கூலி குடுப்பான்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஷம்ஸியா "ஆமாட்டி, ஆமா" என்றாள். அதைச் சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. கழுவவும் செய்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அகப்பட்டுவிட்டான். கிங்ஸ்லிதானாம். அவனுக்குத்தானே படத்தில் வட்டம் போடுகிற வேலை தெரியும்? ஃபிளெக்ஸ் கடையில் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறான்? அவன்தானே கோமுவின் முகத்துக்கு நேரே லேஸ் கண்ணைக் கூசுகிறது என்றான்? எல்லோரும் கணக்குப் போட்டால் விடை சரியாகத்தானே வரும்! ஞாயிற்றுக்கிழமை கூடி, விசாரித்து, அவனை விலக்கிவிடுவது என்று முடிவாயிற்று. தலைவி என்கிற முறையில் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது ஷம்ஸியா.

அவள் இரண்டு நாள் மிஷினைத் தொடவில்லை. வாயைத் திறந்தால் இந்தக் கூட்டம் போச்சு. மேலப்பாளையத்தில் அவள் தைக்கிறவள், மீரா முகைதீன் பெண்டாட்டி, பிள்ளையில்லாதவள். ஷம்ஸியா என்று கூப்பிட்டு, அவள் தைத்த உடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். வாயைத் திறக்காவிட்டால் கிங்ஸ்லி போவான். போனால் என்ன, அவன் தனியாகவே திரிகிறவன்தானே, ஒரு மாதம் வருத்தப்படுவான், அப்புறம் மறந்துவிடுவான். இப்படியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல, தொண்டையில் புளிப்பு நின்றது. இந்தத் தடவை கண்ணெதிரில் லேஸ் ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரி மாடியில் கூடினார்கள். நாலு மணி வெயில் கண்ணாடி வழியாக மேஜைமேல் விழுந்தது. மகேஷ் நாற்பது கிளிப்போடும் வந்திருந்தான். கோபத்தில் தலையை ஆட்டினால் எல்லாம் சேர்ந்து கிலுகிலுத்தன. கிங்ஸ்லி அதே கறுப்புச் சட்டை, அதே மை. ஒரு எலுமிச்சைச் சாறு வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். கோமுவை ஃபஹ்மிதாதான் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தாள். பழைய சுடிதார், தலையில் ஒரு கிளிப்கூட இல்லை. ஃபஹ்மிதா அவளை ஒட்டி உட்கார்ந்து, தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, அவ்வப்போது தட்டிக்கொடுத்தாள்.

"எலே கிங்ஸ்லி, நேராக் கேக்கேன்" என்று மகேஷ் ஆரம்பித்தான். "நீதான?"

"இல்ல."

"பின்ன யாரு? உனக்குத்தான படத்துல வட்டம் போடத் தெரியும்?"

"வட்டம் போட எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும்லே."

"வாயப் பாத்தியளா? இந்த வாய்தான் அங்கயும் பேசியிருக்கு" என்றாள் வேணி. "ஒரு பொட்டப்பிள்ளயோட இடுப்பப் பத்தி எழுதியிருக்கியே, உனக்கு அக்கா தங்கச்சி இல்ல?"

ஆளாளுக்குப் பிய்த்தார்கள். கிங்ஸ்லி எதற்கும் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் மட்டும் ஷம்ஸியாவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீங்க நம்புதியளா?" என்று கேட்டான். மை வழிந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. ஷம்ஸியா மேஜைமேல் சிந்தின பப்ஸ் துகளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள். கேவலம், முப்பத்தொரு வயதுப் பொம்பளை, பப்ஸ் துகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கோமுதான் பேசினாள். "கிங்ஸ்லி அண்ணன் இல்ல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் மகேஷ். "நீ சும்மா இரு, பயப்படாத. நாங்க இருக்கோம்லா."

"படத்துல கவுனோட வெளிப்பக்கந்தான தெரியுது? உள்ள ஓவர்லாக் இல்லன்னு எழுதியிருக்காக. இடுப்பு செவந்திருக்குன்னு எழுதியிருக்காக. அது படத்துலயே இல்ல. அத நேர்ல பாத்தவகதான் எழுத முடியும்." அவள் பில் போடுகிற பெண்; ஒன்றொன்றாக அடுக்கித்தான் பேச வரும். "எங்க அம்மாகூட பாக்கல. மறைப்புக்கு உள்ள என்கூட நின்னது ஒரே ஒராள்தான். ஃபஹ்மிதாக்கா ஆத்தப் பாத்து நின்னாக. அவுகளுக்குத் தையலும் தெரியாது."

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் ஷம்ஸியாவைப் பார்க்கக்கூட இல்லை, தன் கைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் கண்முன்னே இருக்க, படத்தைப் பார்த்து எழுதாமல், தன் கை தடவிப் பார்த்ததை எழுதியிருக்கிறாள் லேஸ் போலீஸ். தையல்காரி புத்தி. துணியைக் கண்டால் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாத புத்தி.

இன்னமும் தப்பித்திருக்கலாம். 'என்னட்டி உளறுத' என்று ஒரு அதட்டு அதட்டியிருந்தால் போதும், மேஜையில் பாதிப்பேர் அவள் பக்கம் நின்றிருப்பார்கள். தலைவி சொல்லுக்கு அத்தனை மதிப்பு இருந்தது. ஷம்ஸியா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நான்தான்" என்றாள். "லேஸ் போலீஸ் நான்தான். ஆரம்பத்துலேர்ந்தே நான்தான். கிங்ஸ்லிக்கு இதுல ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். திட்டுவார்கள் என்று நினைத்தாள். மகேஷ் மேஜையைத் தட்டுவான், வேணி காறித் துப்புவாள், ஃபஹ்மிதா 'சீ' என்று எழுந்து போவாள். அதற்கெல்லாம் மனதைக் கல்லாக்கி வைத்திருந்தாள். துப்பட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

யாரும் துப்பவில்லை. மகேஷின் கிளிப்கூடக் கிலுகிலுக்கவில்லை. அவன் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் ஷம்ஸியாவுக்கு அது விளங்கவில்லை. வேணியைப் பார்த்தாள், அவள் முகத்திலும் அதுவே. மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பயம். எல்லா முகத்திலும் ஒரே பயம். தாங்கள் அனுப்பினதெல்லாம் இத்தனை நாளும் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்கிறது.

"சரி விடுங்கக்கா" என்றான் மகேஷ். குரல் தேன்போல வந்தது. "நடந்தது நடந்து போச்சு. யாரு தப்பு செய்யல?"

"நீங்க தையலப் பத்தித்தான சொன்னிய, நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பிய" என்றாள் வேணி. மகேஷ் ஒரு வார்த்தை பேசினால் ஒன்பது வார்த்தை பேசுகிறவள் அவள்.

"ஆமா லாத்தா, மனசுல வச்சிக்கிடாதிய" என்றாள் ஃபஹ்மிதா. விளங்குவாளா என்று கேட்ட அதே வாய். "கோமுவும் மன்னிச்சிருவா. என்னட்டி, மன்னிச்சிருவதான?" என்று தோளைத் தட்டினாள்.

"ஒண்ணு மட்டும் செய்ங்க" என்று மகேஷ் முன்னால் குனிந்தான். "அந்தப் பக்கத்த அழிச்சிருங்க. இப்பவே, இங்கன வச்சே அழிச்சிருங்க. உள்ள மெசேஜ் கிசேஜ் என்ன கெடந்தாலும் ஒண்ணு விடாம எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்" என்று மேஜையைச் சுற்றி நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது.

ஷம்ஸியாவுக்குக் குமட்டியது. வாழ்நாளில் எந்த லேஸுக்கும் இப்படிக் குமட்டியதில்லை. இவர்கள் மன்னித்த வேகத்தைப் பார்த்தே குமட்டியது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் குற்றமில்லாதவனைக் குதறின பற்கள், இப்போது அவளைப் பார்த்து ஈயென்று இளித்துக்கொண்டிருந்தன. கிங்ஸ்லியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அங்கே உட்கார்ந்திருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. இவர்களை ஒன்றுசேர்த்தது அவள். இவர்களுக்குச் சட்டம் எழுதினதும் அவள்தான். இவர்கள் கொண்டுவந்து கொட்டுவதற்கு ஒரு குப்பைத் தொட்டி வைத்து, மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதும் அவளேதான். மல்லாந்து படுத்துக்கொண்டு ஒன்றரை வருடமாகத் துப்பியிருக்கிறாள். அத்தனையும் இப்போது மொத்தமாக வந்து முகத்தில் விழுந்தது.

கிங்ஸ்லி எழுந்தான். கைக்குட்டையால் கன்னத்து மையைத் துடைத்தான். குடிக்காத எலுமிச்சைச் சாற்றைக் கோமுவின் பக்கமாகத் தள்ளிவைத்தான். "நான் வாரேன் தங்கச்சி" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். இரு என்று சொல்ல அந்த மேஜையில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

"போனக் குடுங்க லாத்தா, நான் அழிச்சித் தாரேன், உங்களுக்குச் சிரமம் எதுக்கு?" என்று ஃபஹ்மிதா இடது கையை நீட்டினாள். வலது கை கோமுவின் தோளிலேயே கிடந்தது.

ஷம்ஸியா போனைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கோமு இதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காதவள், இப்போது ஷம்ஸியாவை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினாள் ஷம்ஸியா, கிடைக்கவில்லை. பில்லில் ஒரு வரி விட்டுப்போனால் எடுத்துக் கேட்பாளே, அந்த மாதிரிதான் கேட்டாள்.

"எக்கா, எழுதுனது நீங்க, அது சரி. அந்தப் படத்த நீங்க எடுக்கலையே. நான் படியில கைய விரிச்சி நிக்கையில நீங்க மண்டபத்துக்குள்ள தொழுதிட்டு இருந்திய. அத உங்களுக்கு அனுப்புனது யாரு?"

கோமுவின் தோளில் கிடந்த கை பைய எழும்பியது, ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது, பிறகு மேஜைக்குக் கீழே போய்விட்டது.